பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே: ஸ்கேட்போர்டிங் பெண்களின் வரலாற்றை எந்த வழியில் காப்பது?

ஸ்கேட்போர்டிங்கில் பெண்கள் பங்கெடுத்த வரலாற்றைத் தேடித் தொகுத்துப் பாதுகாக்க விரும்பும் ஒருவரோ ஒரு சிறு குழுவோ முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வழியில் தொடங்குவது என்பதைத்தான். பழைய இதழ்களைத் திரட்டி அவற்றில் உள்ளதைப் பட்டியலிடலாம். நம்மிடையே இருக்கும் வீராங்கனைகளைச் சந்தித்து அவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யலாம். பலகை, சீருடை, புகைப்படம் போன்றவற்றைச் சேகரித்து அருங்காட்சியகத்திடமோ பல்கலைக்கழக நூலகத்திடமோ ஒப்படைக்கலாம். சொந்தமாக ஓர் இணையக் காப்பகம் அமைக்கலாம். அல்லது கிடைத்ததையெல்லாம் ஒரு புத்தகமாகவோ ஆவணப்படமாகவோ ஆக்கிவிடலாம். பணமும் நேரமும் தாராளமாக இருந்தால் ஐந்தையும் ஒருசேரச் செய்யலாம், ஒப்பீடே தேவைப்படாது. ஆனால் இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் வேறு பிழைப்பு உள்ளவர்கள். மாலை நேரத்தையும் விடுமுறையையும் கொடுத்துத்தான் செய்கிறார்கள். ஆகவே எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசை முக்கியமாகிறது. எந்த வழி அதிகப் பயன் தரும் என்று கேட்பதைவிட, எந்தச் சான்று முதலில் அழியும் என்று கேட்டு அந்த வரிசையை அமைப்பதே சரி என்பது என் கருத்து.

வழிகளை எடைபோடுமுன், இந்த வரலாற்றின் சான்றுகள் காலத்துக்குக் காலம் எவ்வளவு சீரற்றுக் கிடைக்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும். 1960களின் நடுப்பகுதி வியப்பூட்டும் அளவுக்கு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1964இல் அமெரிக்கப் பெண்கள் பிரிவின் முதல் தேசிய சாம்பியனான பேட்டி மெக்கீ, 1965 மே 14 நாளிட்ட ‘லைஃப்’ இதழின் அட்டையில் ஸ்கேட்போர்டின் மேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கிறார். அந்தப் படத்தை எடுத்தவர் பில் எப்ரிட்ஜ். அதே ஆண்டில் ‘ஸ்கேட்போர்டர்’ இதழின் அட்டையிலும் மெக்கீ இடம்பெற்றார். 1970களில் வழவழப்பாக ஓடும் யூரித்தேன் பிளாஸ்டிக் சக்கரங்கள் வந்து விளையாட்டு மறுபடி உயிர்பெற்றபோது, பெண்களுக்கெனத் தனிப் போட்டிப் பிரிவுகள் இருந்தன. கலிஃபோர்னியாவின் செஃபிர் ஸ்கேட்போர்டு அணியின் ஒரே பெண்ணான பெக்கி ஓகி 1975ஆம் ஆண்டு டெல் மார் போட்டியில் பெண்களுக்கான ஃப்ரீஸ்டைல் (சமதளத்தில் வித்தை காட்டும்) பிரிவில் முதலிடம் பெற்றார். லாரா தோர்ன்ஹில்லின் பெயரிலேயே லோகன் எர்த் ஸ்கீ நிறுவனம் பலகை வெளியிட்டது.

அதன் பிறகு வறட்சி. காப்பீட்டுச் செலவும் விபத்து வழக்குகளின் அச்சமும் சேர்ந்து 1970களின் இறுதியிலிருந்து ஸ்கேட் பூங்காக்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடவைத்தன. ‘ஸ்கேட்போர்டர்’ இதழ் 1980இல் ‘ஆக்‌ஷன் நௌ’ என்று பெயர் மாறிப் பல விளையாட்டுகளுக்கான இதழாயிற்று. சந்தை சுருங்கியபோது பெண்களுக்கான பிரிவுகளும் ஆதரவு நிறுவனங்களின் பணமும் முதலில் வெட்டப்பட்டன. 1981 ஜனவரியில் தொடங்கிய ‘த்ராஷர்’ இதழின் அட்டையில் முதல் பெண்ணாக காரா-பெத் பர்ன்சைட் வந்தது 1989 ஆகஸ்டில். அடுத்து ஜேமி ரேயஸ் 1994 ஏப்ரலில். அதற்கடுத்து லிஸ்ஸி அர்மான்டோ 2017 மேயில். ஒரு மாத இதழின் முப்பத்தாறு ஆண்டு வாழ்வில் மூன்று அட்டைகள். இந்த எண்ணிக்கை பெண்கள் விளையாடாமல் இருந்ததைக் காட்டவில்லை. படம் எடுக்கவும் பக்கம் ஒதுக்கவும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. எனவே, 1960களுக்குச் சரியாக அமையும் ஆய்வு வழி 1980களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

அச்சில் உள்ளதைத் திரட்டுவது

பழைய இதழ்களை வைத்து வேலை செய்வது எல்லாவற்றிலும் எளிதான தொடக்கம். யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, யாருடைய இசைவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நாள், இடம், போட்டி முடிவு ஆகியவை அச்சில் உறைந்து கிடக்கின்றன. ‘த்ராஷர்’ தன் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் பார்க்கத் தந்திருப்பதால் வீட்டிலிருந்தபடியே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பொறுமையுள்ள ஒருவர், ஓர் ஆண்டின் இதழ்களை எடுத்துக்கொண்டு, பெண்கள் தோன்றும் ஒவ்வொரு படத்தையும், போட்டி அட்டவணையையும், வாசகர் கடிதத்தையும், விளம்பரத்தையும் ஓர் அட்டவணைக் கோப்பில் குறித்துக்கொண்டே போனால், பிற்பாடு செய்யும் எல்லா வேலைக்கும் அது அடித்தளமாகும். வாசகர் கடிதப் பகுதியைக் கடந்துபோய்விடக் கூடாது என்று குறிப்பாகச் சொல்வேன். பெண்களின் படங்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டு ஒரு சிறுமி எழுதும் கடிதம், தலையங்கம் சொல்லாததைச் சொல்லிவிடும்.

இந்த வழியின் குறை அதன் மூலத்திலேயே இருக்கிறது. இதழாசிரியர் தேர்ந்தெடுத்ததுதான் இதழில் வந்தது. அவர் விட்டவர்களை அந்த இதழை எத்தனை முறை புரட்டினாலும் காண முடியாது. 1980களில் இந்த இடைவெளியைப் பெண்களே ஒளிநகல் சிற்றிதழ்கள் வழியாக நிரப்பிக்கொண்டார்கள். தட்டச்சு செய்து, படம் ஒட்டி, நகலெடுத்து, தபாலில் ஊர்விட்டு ஊர் அனுப்பிய இந்தச் சில பக்க இதழ்களில்தான் பெரிய இதழ்கள் காணாத பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அவை சில பிரதிகளே அச்சானவை, நூலகங்களுக்குப் போகாதவை, பெற்றவரின் வீட்டுப் பெட்டியில் இருந்தால்தான் உண்டு. ஆக, அச்சுச் சான்றைத் தேடும் வேலையும் ஒரு கட்டத்தில் ஆளைத் தேடும் வேலையாகவே மாறிவிடுகிறது.

ஆளைத் தேடுவதில் பெயர் ஒரு பெரிய தடை. திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறுவதால், 1976ஆம் ஆண்டுப் போட்டி முடிவில் உள்ள பெயரை இன்றைய தேடுபொறியில் இட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். லாரா தோர்ன்ஹில் பின்னாளில் லாரா தோர்ன்ஹில் காஸ்வெல் ஆனார். எலன் ஓநீல், எலன் ஓநீல் டீசன் ஆனார். இவர்கள் புகழ்பெற்றவர்கள் என்பதால் இரண்டு பெயர்களும் இணைந்தே தெரிகின்றன. ஒரே ஒரு போட்டியில் நான்காம் இடம் பெற்று, முதலெழுத்தோடு மட்டும் அச்சான ஒருத்திக்கு அந்த வசதி இல்லை. ஆண்களின் வரலாற்றைத் தொகுப்பவருக்கு அநேகமாக நேராத தொல்லை இது. ஆகவே பட்டியல் தயாரிக்கும்போதே அச்சில் உள்ள பெயர், பிற்காலப் பெயர், புனைபெயர், எழுத்துப்பிழையோடு அச்சான வடிவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வைத்துவிட வேண்டும்.

இதழ்களைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று நாள் பற்றியது. மாத இதழ் அட்டையில் உள்ள மாதம் நிகழ்ச்சி நடந்த மாதம் அன்று. படம் எடுத்து, கழுவி, தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, கடைக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். ஆகஸ்டு இதழில் உள்ள படத்தை ஆகஸ்டில் எடுத்ததாகப் பதிந்துவிட்டால், அந்தப் பிழை அடுத்து வரும் ஒவ்வொருவரின் எழுத்திலும் ஏறிக்கொள்ளும்.

பதிப்புரிமையையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்கச் சட்டப்படி, 1964 முதல் 1977 வரை உரிய உரிமைக் குறிப்போடு வெளியானவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. அதாவது 1965ஆம் ஆண்டு இதழ்ப் படம் 2060ஆம் ஆண்டு முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. உரிமை பெரும்பாலும் புகைப்படக்காரரிடமோ வெளியீட்டாளரிடமோ இருக்கும். படத்தில் இருக்கும் பெண்ணிடம் இருக்காது. அவருடைய ஆல்பத்திலிருந்து அவரே மகிழ்ச்சியோடு எடுத்துக்கொடுத்த படமானாலும் அதை வெளியிடும் உரிமை அவருடையதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆராய்ச்சிக்காகப் பார்ப்பதையும் குறிப்பெடுப்பதையும் இது தடுக்காது. வெளியிடும்போதுதான் சிக்கல் எழும்.

நேரில் கேட்டுப் பதிவது

வாய்மொழி வரலாறு என்பது ஒருவரை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பதோடு முடிவதில்லை. அதற்கு முன்னாயத்தம், எழுத்துமூல ஒப்புதல், நல்ல ஒலிப்பதிவு, எழுத்தாக்கம், பேசியவர் அதைப் படித்துத் திருத்தும் வாய்ப்பு, பதிவு எங்கே தங்கும் என்ற முடிவு ஆகிய அனைத்தும் வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கிச் சரிபார்ப்பதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். தானியங்கி எழுத்தாக்க மென்பொருள்கள் இப்போது உதவுகின்றன என்றாலும், ஸ்கேட்போர்டு வித்தைகளின் பெயர்களிலும், மூடப்பட்ட பூங்காக்களின் பெயர்களிலும், ஆட்களின் பட்டப்பெயர்களிலும்தான் அவை தவறுகின்றன. நமக்கு வேண்டியவையோ அவைதாம். ஐந்து வழிகளில் உழைப்பு மிகுந்தது இதுவே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதை முதலிடத்தில் வைக்கிறேன். காரணம் எளிது: இதற்கு மட்டுமே கெடு இருக்கிறது, அந்தக் கெடு எப்போது என்று யாருக்கும் தெரியாது. எலன் ஓநீல் 2020இல் காலமானார். பேட்டி மெக்கீ 2024 அக்டோபரில், தம் 79ஆம் வயதில் காலமானார். மெக்கீயை எத்தனையோ பேர் பேட்டி கண்டிருக்கிறார்கள். 2010இல் ஸ்கேட்போர்டிங் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் பெண் அவர். அவருடன் அதே ஆண்டுகளில் போட்டியிட்டு, அட்டையில் வராத பெண்களும் இன்று ஏறக்குறைய அதே வயதில்தான் இருப்பார்கள். இதழ் இன்னும் இருபது ஆண்டுகள் கழித்தும் ஏதோ ஒரு நூலக அடுக்கில் இருக்கும். அந்த இதழில் உள்ள குழுப் படத்தில் இடப்புறம் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் இருக்க மாட்டார்.

அதனால்தான் பேட்டிக்குப் போகும்போது வெறும் கேள்விப் பட்டியலோடு போகாமல், படங்களோடும் போட்டி அட்டவணைகளின் நகல்களோடும் போக வேண்டும். “1970கள் எப்படி இருந்தன?” என்று கேட்டால், பல முறை சொல்லிப் பழகிய நான்கு வாக்கியங்கள் கிடைக்கும். ஒரு படத்தை மேசையில் வைத்து, “இது எந்த இடம், பக்கத்தில் இருப்பவர் யார், காலணி யார் வாங்கித் தந்தது, ஊருக்கு எப்படித் திரும்பிப் போனீர்கள்?” என்று கேட்டால் அதுவரை எவரிடமும் சொல்லாதது வெளிவரும். பணம் பற்றியும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டு எக்ஸ் கேம்ஸ் சாகச விளையாட்டுப் போட்டியில் ஆண்களுக்கான முதல் பரிசு 50,000 டாலராகவும் பெண்களுக்கானது 2,000 டாலராகவும் இருந்ததும், காரா-பெத் பர்ன்சைடும் மிமி நூப்பும் பிறரும் சேர்ந்து ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பை உருவாக்கிப் பேச்சு நடத்தியதும், 2009 வாக்கில் பரிசுத் தொகை சமமானதும் பொதுவில் தெரிந்த செய்திகள். ஆனால் அந்தப் பேச்சு நடந்த அறையில் யார் தயங்கினார்கள், யார் வேலையை இழப்போமோ என்று அஞ்சினார்கள், விளையாட மறுப்பது என்ற முடிவு எப்படி வந்தது என்பவற்றை எந்த முடிவு அட்டவணையும் சொல்லாது.

நினைவு தவறும் என்பது இந்த வழிக்கு எதிராக வைக்கப்படும் நியாயமான வாதம். ஆண்டைத் தவறாகச் சொல்வார்கள், இரண்டு போட்டிகளை ஒன்றாக்கிவிடுவார்கள், “நான்தான் முதல் பெண்” என்பார்கள். குறிப்பாக ‘முதல்’ என்ற உரிமைகோரல் இந்தத் துறையில் மலிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் பதிவைக் காணாததால் தன்னையே தொடக்கமாக நினைத்துக்கொள்கிறது. அதற்கு மருந்து அச்சுச் சான்று. இதழ்ப் பட்டியலை முன்பே தயாரித்துவிட்டுப் பேட்டிக்குப் போனால், நாளையும் இடத்தையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆக, முதல் இரண்டு வழிகளை எதிரெதிராக வைப்பதைவிட, இதழ் வேலையைப் பேட்டிக்கான முன்னாயத்தம் என்ற அளவில் சுருக்கி வைத்துக்கொள்வதே பொருத்தம். இதழ்களை முழுமையாக முடித்துவிட்டுத்தான் பேட்டி என்று நினைப்பவர் ஒருபோதும் பேட்டியைத் தொடங்க மாட்டார்.

கண்டங்களைக் கடந்த வாழ்க்கைகளுக்கும் இந்த வழிதான் கைகொடுக்கிறது. 1980களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று போட்டியிட்ட ஸ்டெஃபனி பெர்சன் போன்றவரின் தடத்தை ஒரே நாட்டு இதழ்களை வைத்துப் பின்தொடர முடியாது. பொலிவியாவின் கொச்சபாம்பாவில் போயேரா என்னும் பாரம்பரிய அகன்ற பாவாடை அணிந்து ஸ்கேட்போர்டு ஓட்டும் இமியாஸ்கேட் குழுவைப் பற்றி உலக ஊடகங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி உடையைப் பற்றியது. அவர்கள் எங்கே, யாரிடம் கற்றார்கள், எந்தப் பலகையை எப்படிப் பெற்றார்கள் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே, அவர்கள் மொழியிலேயே பதிந்தால்தான் அது வரலாறாகும்.

நிறுவனத்திடம் ஒப்படைப்பது

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் ஸ்கேட்போர்டிங் பொருள்களைச் சேகரிக்கிறது; 1970களின் தொழில்முறை வீராங்கனை சின்டி வைட்ஹெட்டின் பொருள்கள் அங்கே உள்ளன. இத்தகைய இடத்தில் சேர்ந்த பொருளுக்கு வெப்பநிலை, ஈரப்பதம், தீ, திருட்டு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் பாதுகாப்பு உண்டு. தவிர, ஒரு பலகை அங்கே இருப்பதே அதன் உடைமையாளர் விளையாட்டு வரலாற்றில் இடம்பெற்றவர் என்பதற்கான சான்றாகிவிடுகிறது. ஓரங்கட்டப்பட்டவர்களுக்கு இந்த அங்கீகாரம் சிறிய விஷயமல்ல.

ஆனால் அருங்காட்சியகம் தேர்ந்தெடுக்கும். முதல் சாம்பியனின் பலகையை அது வாங்கிக்கொள்ளும். முப்பது பேர் கொண்ட உள்ளூர்க் குழுவின் காலணிகளையும் துண்டறிக்கைகளையும் வாங்கிக்கொள்ளாது. வாங்கிய பொருள்களிலும் பெரும்பாலானவை காட்சிக்கு வராமல் கிடங்கில் இருக்கும். அந்த வகையில், பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவு இன்னும் பொருத்தமான இடம். கடிதம், சிற்றிதழ், போட்டி ஏற்பாட்டுக் கோப்பு, ஒலிநாடா போன்ற கலவையான தாள்களை அவர்கள் கையாளப் பழகியவர்கள்; ஆய்வாளர் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். 1997இல் பேட்டி செகோவியா தொடங்கிய ஆல் கேர்ல் ஸ்கேட் ஜாம் போன்ற ஒரு போட்டித் தொடருக்கு, கோப்பையைவிடப் பதிவுப் படிவங்களும் ஆதரவாளர்களுக்கு எழுதிய கடிதங்களும்தான் வரலாற்று மதிப்பு மிக்கவை என்பேன்; அவற்றைக் கேட்டு வாங்கக்கூடியது அருங்காட்சியகமன்று, நூலகம்.

எந்த நிறுவனமானாலும் கொடைப் பத்திரத்தைக் கவனமாகப் படித்துக் கையெழுத்திட வேண்டும். பொருளின் உரிமை மாறுகிறதா, பதிப்புரிமையும் சேர்ந்து மாறுகிறதா, குறிப்பிட்ட கடிதங்களைச் சில ஆண்டுகள் மூடிவைக்கச் சொல்லலாமா, அவர்கள் வேண்டாமென்று ஒதுக்குபவை திரும்பி வருமா, குப்பைக்குப் போகுமா என்பவற்றை முன்பே கேட்க வேண்டும். ஒப்படைத்த பெட்டி பல ஆண்டுகள் வகைப்படுத்தப்படாமல் கிடப்பது எங்கும் நடப்பதுதான். அதைக் குறைக்க ஒரே வழி, ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலில் எண்ணிட்டு, அந்த எண்ணுக்குரிய விவரத்தைத் தனிப் பட்டியலாக எழுதி, பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பது. அந்தப் பட்டியலைத் தயாரிக்க வேண்டுமானால் படத்தின் சொந்தக்காரரோடு உட்கார வேண்டும். அதாவது மீண்டும் பேட்டிதான்.

சொந்த இணையக் காப்பகமும் சமூக ஊடகமும்

இந்த வழியின் கவர்ச்சி வெளிப்படையானது. யாரிடமும் இசைவு கேட்டு நிற்க வேண்டாம். எந்த ஊரில் இருப்பவரும் பார்க்கலாம். பிழை தெரிந்த அன்றே திருத்தலாம். கனடாவைச் சேர்ந்த நூலகர் நடாலி போர்ட்டர் பெண் ஸ்கேட்போர்டர்களின் வரலாற்றுக்கென்று தனி இணையக் காப்பகத்தையே உருவாக்கியிருக்கிறார். எந்த அருங்காட்சியகத்திலும் இடம் கிடைக்காத பலருக்கு அதில் பக்கம் இருப்பதைப் பார்க்கும்போது, இந்த வழியின் வலிமை புரிகிறது. ஆள் தேடும் வேலைக்கும் இணையம் இணையற்றது. பெயர் தெரியாத படத்தை வெளியிட்டால், அதில் இருப்பவரின் மகளோ பழைய தோழியோ கண்டு எழுதும் வாய்ப்பு வேறெந்த வழியிலும் இல்லை.

இருந்தும் இணையத்தில் வைத்ததைப் பாதுகாத்துவிட்டதாக எண்ணுவது ஆபத்து. இலவச இணையப் பக்கங்களுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. 2000களில் இளம் விளையாட்டுக் குழுக்களின் படங்களும் காணொளிகளும் குவிந்திருந்த மைஸ்பேஸ், பழைய கோப்புகளைப் பெருமளவில் இழந்துவிட்டதாக 2019இல் செய்தி வந்தது. குறுங்காணொளிச் சேவையான வைன் 2017 ஜனவரியில் நின்றது. ஃப்ளாஷ் நுட்பத்தில் கட்டிய பழைய தளங்கள் 2020 இறுதியோடு திறக்க முடியாதவையாயின. பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமிக்கும், இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷின் இவற்றில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. ஆனால் அது பெரும்பாலும் எழுத்துப் பக்கங்களை நன்றாகவும் காணொளிகளை அரைகுறையாகவும் பிடித்து வைத்திருக்கிறது, அந்த நிறுவனமே 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் சில நாள்கள் முடங்கியது. 1965ஆம் ஆண்டின் ஒரு காகித இதழைக் காட்டிலும் 2005ஆம் ஆண்டின் ஓர் இணையப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதை இந்தத் துறையில் தேடிய எவரும் அறிவார்.

சொந்தத் தளத்துக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். நடத்துபவர் நோயுற்றாலோ சலிப்புற்றாலோ அனைத்தும் ஒரே நாளில் மறையலாம். எனவே தளம் அமைப்பவர் கூடுமானவரை எளிய, நிலையான பக்கங்களாக அமைத்து, மூலக் கோப்புகளைத் தளத்துக்கு வெளியே மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றை வேறு இடத்தில் வைத்துக் காக்க வேண்டும். சமூக ஊடகக் கணக்கு இதைவிடவும் பலவீனமானது: படத்தைச் சுருக்கிவிடுகிறது, கோப்புக்குள் இருந்த விவரக் குறிப்புகளை நீக்கிவிடுகிறது, தேடிக் கண்டுபிடிக்கும் வசதி தருவதில்லை. அதை அறிவிப்புப் பலகையாக மட்டும் பயன்படுத்துவது தகும்.

வெளியிடுவதிலேயே தீங்கு நேரக்கூடிய இடங்களும் உண்டு. 2007இல் காபூலில் தொடங்கிய ஸ்கேட்டிஸ்தான் அமைப்பின் வழியாகப் பல ஆப்கன் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கற்றார்கள். இந்த வரலாற்றின் மிக அரிய அத்தியாயங்களில் ஒன்று அது. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறிய பிறகு, அந்தச் சிறுமிகளின் முகமும் பெயரும் தெரியும் படத்தை எவரும் காணும்படி வைப்பது அவர்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ இடர் தரலாம். இத்தகையவற்றைப் பல ஆண்டுகள் மூடிவைக்கும் வசதி நூலகத்திடம் உண்டு, திறந்த இணையத்தளத்திடம் இல்லை. குழந்தைகளைப் பற்றிய தயக்கம் வேறு சூழலிலும் எழும். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், பெண்களுக்கான ஸ்ட்ரீட் பிரிவில் தங்கமும் வெள்ளியும் பெற்ற மொமிஜி நிஷியாவுக்கும் ரைசா லியலுக்கும் வயது 13. பார்க் பிரிவில் வெள்ளி பெற்ற கொகோனா ஹிராகிக்கு 12. போட்டிப் பதிவு பொதுச் சொத்து. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒருவர் சொன்னதையெல்லாம் நாற்பது வயதிலும் அவர் பெயரில் திறந்து வைத்திருக்க வேண்டுமா என்பதைத் தொகுப்பவர் யோசிக்கத்தான் வேண்டும்.

பெயர் பற்றிய கேள்வி இங்கேயும் திரும்ப வருகிறது. பெண்கள் பிரிவில் வேறு பெயரில் பல ஆண்டுகள் வென்ற லியோ பேக்கர், தம் பாலின அடையாளம் காரணமாக அமெரிக்கப் பெண்கள் ஒலிம்பிக் அணியிலிருந்து விலகினார். அவருடைய வெற்றிகளை இந்த வரலாற்றிலிருந்து நீக்கினால் வரலாறு பொய்யாகும். பழைய பெயரைத் தலைப்பில் வைத்தால் அவருக்கு அநீதியாகும். இன்றைய பெயரில் பக்கத்தை அமைத்து, அவர் இசைந்தால் மட்டும் பழைய பெயரைத் தேடல் குறிப்பாகச் சேர்ப்பதே முறை. திருத்தத்தக்க இணையத்தளம் இந்த ஒரு விஷயத்தில் அச்சுப் புத்தகத்தைவிட மேலானது.

புத்தகமும் ஆவணப்படமும்

புத்தகம் நிலைக்கும், பல நூலகங்களில் பிரதி சேரும், மின்சாரம் வேண்டாம். ஆவணப்படம் பரவும், ஆனால் இசை உரிமைக்கும் பழைய காட்சிகளின் உரிமைக்கும் ஆகும் செலவு சிறு குழுவின் கைக்கு எட்டாது. இரண்டுமே தொகுப்பின் விளைவாக அமைய வேண்டியவை. மூலப் பதிவுகளைப் பாதுகாக்காமல் நேரே புத்தகத்துக்குப் போனால், பேட்டியில் கிடைத்ததில் பெரும்பகுதி வெளிவராமலே தொலைந்துபோகும். அடுத்து வருபவர் அதே பெண்ணிடம் அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டியிருக்கும், அதற்குள் அவர் இல்லாமலும் போகலாம்.

யாருக்கு எது

இருவர் மூவர் கொண்ட, நிதி குறைந்த குழுவுக்கு நான் பரிந்துரைப்பது இது. ஒரு குறிப்பிட்ட காலத்தையும் வட்டாரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய இதழ்களிலிருந்து பெயர்ப் பட்டியல் ஒன்றை அளவோடு தயாரித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, பேட்டி எடுக்கத் தொடங்கும் முன்பே, அந்தப் பதிவுகளை ஏற்றுக்கொள்ள இசையும் ஒரு நூலகத்தைக் கண்டறிந்து, அவர்கள் கேட்கும் கோப்பு வடிவத்தையும் ஒப்புதல் படிவத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வயதில் மூத்தவரிலிருந்து வரிசையாகப் பேட்டிகள். புகழில் மூத்தவரைத் தேடிப் போகும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அவரைப் பற்றி ஏற்கனவே பதிவு இருக்கும். ஆல்பங்களை அவரவர் வீட்டிலேயே ஸ்கேன் செய்து, மூலத்தை அவர்களிடமே விட்டுவிட்டு, விரும்பினால் எங்கே ஒப்படைக்கலாம் என்ற தகவலை மட்டும் தந்துவர வேண்டும். இணையத்தளத்தை, இசைவு பெற்ற பகுதிகளுக்கான வாசலாக, இதற்குப் பிறகு அமைத்தால் போதும்.

இந்த வரிசையை ஒரே ஒரு நிலையில் மாற்றுவேன். யாரிடமாவது ஹை-8, விஎச்எஸ், மினி-டிவி (MiniDV) வகைக் காணொளி நாடாக்கள் இருப்பது தெரிந்தால், பேட்டியைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு அவற்றை முதலில் மின்னாக்கம் செய்ய வேண்டும். 1980களின் இறுதி முதல் 2000களின் நடுப்பகுதிவரை பெண்கள் தங்களுக்குள் எடுத்துக்கொண்ட காட்சிகள் பெரும்பாலும் இந்த நாடாக்களில்தான் உள்ளன. அவற்றை எந்த இதழும் எந்த நிறுவனமும் நகலெடுத்து வைக்கவில்லை. காந்தப் பூச்சு உதிர்கிறது, அதைவிட வேகமாக ஓட்டும் கருவிகள் மறைகின்றன: விஎச்எஸ் கருவிகளைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் காந்த நாடாக்களுக்கு 2025ஆம் ஆண்டைக் கெடுவாகக் குறித்து முன்பே எச்சரித்திருந்தது. அந்த ஆண்டு வந்துவிட்டது என்பதற்காக எல்லா நாடாவும் கெட்டுவிட்டதாகக் கருதி எறிந்துவிட வேண்டியதில்லை. பல இன்னும் ஓடும். ஆனால் வீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்துச் சோதிப்பது நல்லதல்ல, பழைய நாடா ஒரே ஓட்டத்தில் சிக்கி அறுந்துவிடலாம். அனுபவமுள்ள மின்னாக்கப் பணியாளரிடமோ நூலகத்தின் ஒலி, ஒளிப் பிரிவிடமோ கொடுத்து, முதல் ஓட்டத்திலேயே உயர்தரக் கோப்பாகப் பிடித்துக்கொண்டு, பார்வைக்கான சிறிய பிரதியைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிரதியைக் கணினியில் ஓடவிட்டு, நாடாவின் சொந்தக்காரரைப் பக்கத்தில் அமர்த்தி, திரையில் வரும் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுப் பதிவதிலிருந்து அவருடனான பேட்டியைத் தொடங்கலாம்.